கோஷியென் ஸ்டேடியம் ஆகஸ்ட்ல போறோம், டைகர்ஸ் மேட்ச் பாக்கணும், தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க

சைதாமா_வாசி:

எல்லாருக்கும் வணக்கம். நான் சைதாமால இருக்கேன், வேலை டோக்கியோல. ஜப்பான் வந்த புதுசுல பேஸ்பால்னா ஒண்ணும் புரியாது, ஆபீஸ்ல பக்கத்து சீட்டு சீனியர் ஒசாகாக்காரர், ஹான்ஷின் டைகர்ஸ்னா உயிர விடுவார், அவர்கூட உக்காந்து பாத்து பாத்து நானும் டைகர்ஸ் ஆளாயிட்டேன், இப்ப என் பையன் (10 வயசு) என்னைவிட தீவிரமா இருக்கான், ஞாயித்துக்கிழமை ஆனா லோக்கல் கிளப்ல பிட்சிங் (பேட்டருக்குப் பந்து போடறது) பண்றான்.

இந்த ஒபோன் (முன்னோர் பண்டிகை) லீவுல ஆகஸ்ட் 13ல இருந்து 16 வரை ஒசாகால இருப்போம், நான், வைஃப், பையன். கோஷியென்ல ஒரு டைகர்ஸ் மேட்ச் பாக்காம திரும்பக்கூடாதுன்னு இருக்கோம். டிக்கெட் எப்ப எடுக்கணும், எந்தப் பக்கம் உக்காந்தா வெயில் குறைவு, வைஃப் வெஜிடேரியன் அவங்களுக்கு உள்ள என்ன கிடைக்கும், மேட்ச் தவிர வேற என்னென்ன பாக்கணும், எல்லாம் சொல்லுங்க. அப்புறம் பையன் ஒண்ணு கேக்கச் சொன்னான், டிவில தோத்த ஸ்கூல் பசங்க மண்ண அள்ளி பையில போட்டுட்டு போவாங்கல்ல, அந்த மண்ணு கொஞ்சம் நமக்குக் கிடைக்குமா?

துறைமுகத்தான்:

வாங்க தம்பி. நான் கோபேல ரொம்ப வருஷமா இருக்கேன், கோஷியென் நமக்கு ரயில்ல இருபது நிமிஷ தூரம்தான், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

முதல் விஷயம், நீங்க சொல்ற தேதில கோஷியென்ல டைகர்ஸ் மேட்ச் இருக்காது. ஆகஸ்ட்ல அந்த கிரவுண்டு ஹைஸ்கூல் பசங்களோடது. ஹைஸ்கூல் பேஸ்பால் கோடை டோர்னமென்ட் நடக்குற நாள் முழுக்க டைகர்ஸ் சொந்த வீட்ட விட்டுட்டு ஊர் ஊரா போய் ஆடுவாங்க, சில ஹோம் மேட்ச் மட்டும் ஒசாகா கியோசெரா டோம்ல நடக்கும். மார்ச் கடைசில வசந்தகால டோர்னமென்டுக்கும் இதே கதைதான். ஒரு ப்ரொஃபஷனல் டீம் சீசன் நடுவுல, அதுவும் பாயின்ட் போட்டி சூடா இருக்கற நேரத்துல, பதினாறு பதினேழு வயசு பசங்களுக்காக வீட்ட காலி பண்ணிட்டுப் போறாங்கன்னா அதுக்குக் காரணம் இருக்கு. அந்த ஸ்டேடியம் கட்டினதே பசங்களுக்காகத்தான். ஸ்கூல் டோர்னமென்ட் 1915ல ஆரம்பிச்சது, முதல்ல டொயோநாகால, அப்புறம் நருவோ கிரவுண்டுல நடந்துச்சு, கூட்டம் தாங்கல, அதனால ஹான்ஷின் ரயில்வே கம்பெனி ஒரு பழைய ஆத்துப் படுகைல அஞ்சு மாசத்துக்குள்ள இத கட்டி 1924 ஆகஸ்ட் 1ம் தேதி திறந்தாங்க. டைகர்ஸ் டீம் வந்தது 1935ல. அதனால வீட்டுக்காரன் யாரு வாடகைக்கு வந்தவன் யாருன்னு பாத்தா பசங்கதான் மூத்தவங்க.

அதனால என் கருத்து என்னன்னா, டைகர்ஸ் மேட்ச் இல்லையேன்னு வருத்தப்படவே வேணாம், நீங்க சரியான நேரத்துலதான் வர்றீங்க. கோஷியென கோஷியெனா பாக்கணும்னா ஆகஸ்ட்ல ஸ்கூல் மேட்ச்தான் பாக்கணும். ஜப்பான் முழுக்க சுமார் 3,400 டீம் ஜூன், ஜூலைல மாவட்டவாரியா ஆடும், தோத்தா வீட்டுக்கு, அப்படி வடிகட்டி வடிகட்டி 49 ஸ்கூல் மட்டும் இங்க வரும் (47 மாகாணம், டோக்கியோவுக்கும் ஹொக்கைடோவுக்கும் ரெண்டு ரெண்டு). இங்கயும் ஒரு தடவ தோத்தா முடிஞ்சுது. மூணாம் வருஷப் பசங்களுக்கு அந்தத் தோல்வியோட ஸ்கூல் பேஸ்பாலே முடிஞ்சுது. பின்னாடி அமெரிக்கா போய் பெரிய ஸ்டாரான இச்சிரோ ரெண்டு தடவ இங்க வந்தார், 1990 கோடைல ஒண்ணு, 1991 வசந்தத்துல ஒண்ணு, ரெண்டுலயும் முதல் மேட்ச்லயே அவுட். அதே மாதிரி அமெரிக்கால ஸ்டாரான ஒஹ்தானியும் ரெண்டு தடவ வந்தார், 2011, 2012, அவருக்கும் ஒரு ஜெயம்கூட இல்ல, ஒசாகா டோயின் பிட்சர் ஃபுஜினாமிய ஒரு ஹோம் ரன் (பந்த வேலிக்கு வெளிய அடிக்கறது) அடிச்சார் ஆனா மேட்ச் போச்சு. அவ்வளவு பெரிய ஆளுங்களுக்கே இந்த மண்ணு ஒரு ஜெயம் குடுக்கல.

உள்ள போனா முதல்ல கண்ணுல படறது அந்த மண்ணோட நிறம்தான். இன்ஃபீல்டு (பேஸுங்க இருக்கற உள் பகுதி) முழுக்க புல்லே கிடையாது, கருப்பு மண்ணு, தண்ணி தெளிச்ச உடனே காப்பிப்பொடி நிறத்துல பளபளன்னு இருக்கும். கருப்பு மண்ணும் மணலும் கலந்து போடறாங்க, வசந்தத்துல மழை ஜாஸ்திங்கறதால மணல் கொஞ்சம் கூட, கோடைல வெயில்ல வெள்ளைப் பந்து கண்ணுக்குத் தெரியணும்னு கருப்பு மண்ணு கூட. இந்த வேலைய பாக்குறவங்க ஹான்ஷின் எங்கெய்ங்கற கம்பெனி ஆளுங்க, மேட்ச் நடுவுல அவங்க ஹோஸ் புடிச்சு தண்ணி அடிக்கறத பையனுக்கு கட்டாயம் காட்டுங்க. நாலஞ்சு பேர் ஒரே ஹோஸ தோள்ல தூக்கிட்டு வருவாங்க, முன்னாடி நிக்கறவர் மணிக்கட்ட லேசா ஆட்டி ஆட்டி எங்கயும் தேங்காம எங்கயும் காயாம ஒரே அளவா ஈரம் பண்ணுவார், கூட்டமே அதுக்குக் கை தட்டும். நானும் கை தட்டுவேன், அந்த வேலை அப்படி ஒரு வேலை.

ஃபுல்_கவுண்ட்:

துறைமுகத்தான் அண்ணன் சொன்னது எல்லாம் உண்மை, ஆனா ஒரு டைகர்ஸ் ரசிகனா நான் கொஞ்சம் மாத்தி சொல்லணும். ஆகஸ்ட்ல ஸ்கூல் மேட்ச் பாருங்க, கட்டாயம் பாருங்க, ஆனா அதோட நிறுத்தாதீங்க, ஏப்ரல் மே இல்லன்னா செப்டம்பர்ல ஒரு நைட் மேட்சுக்கு திரும்ப வாங்க. நாப்பதாயிரம் பேர் மஞ்சள் கருப்பு சட்டைல ஒரே மாதிரி பாடறப்ப சிமென்ட் படிக்கட்டு அதிர்றது கால் வழியா தெரியும், அத டிவில எந்த மைக்கும் புடிக்க முடியாது.

அதுவும் இல்லாம கோஷியென்ல எப்படி ஆடறாங்கன்னு புரிஞ்சுக்கணும்னா ப்ரொ மேட்ச் பாக்கணும் சகோ. இங்க ஒரு கடல் காத்து இருக்கு, ஹமாகசெனு சொல்வாங்க, ரைட் ஃபீல்டு பக்கத்துல இருந்து லெஃப்ட் பக்கமா அடிக்கும். இடது கை பேட்டர் நல்லா தூக்கி ரைட்ல அடிச்ச பந்து, மத்த ஸ்டேடியத்துல சீட்டுல போய் விழற பந்து, இங்க காத்துல மாட்டி ஃபென்ஸ் முன்னாடி சாதா கேட்ச் ஆயிடும். ஓரத்துல 95 மீட்டர், நடுவுல 118 மீட்டர், எண்ணப் பாத்தா பெரிசா தெரியாது ஆனா அந்தக் காத்து இருக்கற நாள்ல இடது கை ஆளுங்களுக்கு அது கூடுதல் சுவர். 1985ல டைகர்ஸோட அமெரிக்க ஆட்டக்காரர் ராண்டி பாஸ் 54 ஹோம் ரன் அடிச்சார், அவரும் இடது கை, காத்தோட சண்டை போடாம பந்த லெஃப்ட் பக்கம் தூக்கி விட்டு காத்துலயே அனுப்பக் கத்துக்கிட்டார். அந்த வருஷம் ஏப்ரல் 17ம் தேதி டோக்கியோ டீம் ஜயன்ட்ஸுக்கு எதிரா பாஸ், ககெஃபு, ஒகடா மூணு பேரும் அடுத்தடுத்து ஹோம் ரன், மூணும் சென்டர் பேக்ஸ்கிரீன் (பேட்டருக்கு நேர் எதிர்ல ஸ்கோர்போர்டுக்குக் கீழ இருக்கற சுவர்) பக்கம். அந்த சீசன்தான் டைகர்ஸ் முதல் தடவ ஜப்பான் சீரிஸ் (ப்ரொ பேஸ்பாலோட சாம்பியன் கப்) ஜெயிச்சது. அடுத்தது 2023, 38 வருஷம் கழிச்சு, அப்ப மேனேஜர் யாருன்னா அதே ஒகடா. என் மாமனார் 85ல காலேஜ் பையனா பாத்தவர், 23ல அழுதுட்டார். இதெல்லாம் தெரிஞ்சுட்டு அந்த சென்டர் ஸ்கோர்போர்ட பாத்தீங்கன்னா வேற மாதிரி இருக்கும்.

ஸ்கோர்போர்டு பத்தி ஒரு வார்த்தை. இப்ப இருக்கறது எலக்ட்ரானிக்தான், ஆனா 1983 வரைக்கும் ஆளுங்க பிரஷ் புடிச்சு பேர் எழுதி பலகைய தூக்கி மாட்டினாங்க. கருப்பு பலகைல வெள்ளை எழுத்து. எலக்ட்ரானிக் ஆனப்புறமும் அந்தக் கையெழுத்து சாயல விடாம வச்சிருக்காங்க, மத்த ஸ்டேடியம் போர்டுகூட ஒப்பிட்டுப் பாருங்க பளிச்சுன்னு தெரியும்.

மல்லி_ஒசாகா:

தம்பி, இவங்க ரெண்டு பேரும் கதை சொல்லிட்டாங்க, நான் குடும்பத்தோட போறதுக்கு வேண்டியத சொல்றேன், ஏன்னா ஆகஸ்ட் வெயில்ல சின்னப் பையனக் கூட்டிட்டுப் போறீங்க.

ரயில்: ஒசாகா உமேதால இருந்து ஹான்ஷின் லைன், கோஷியென் ஸ்டேஷன். லிமிடெட் எக்ஸ்பிரஸ்ல கால் மணி நேரம்கூட ஆகாது, இறங்கினா ஹைவே பாலத்துக்கு அந்தப் பக்கம் ஸ்டேடியம். ஜேஆர் லைன்ல கோஷியெங்குச்சினு ஒரு ஸ்டேஷன் இருக்கு, பேர பாத்து நிறைய பேர் அங்க இறங்கிடறாங்க, அங்க இருந்து வெயில்ல ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நடக்கணும். மேப்ல ஹான்ஷினானு பாத்துட்டு ஏறுங்க.

டிக்கெட்: ஸ்கூல் மேட்சுக்கு இப்ப எல்லாம் ரிசர்வ்டு சீட்டு, ஆன்லைன்ல முன்கூட்டியே எடுக்கணும். அவுட்ஃபீல்டு முன்னாடி இலவசமா இருந்துச்சு, 2018ல இருந்து அதுக்கும் காசு. ஒபோன் வாரம்னா சீக்கிரம் தீர்ந்துடும், விற்பனை ஆரம்பிக்கற அன்னைக்கே உக்காந்து எடுத்துடுங்க. சாதாரணமா ஒரு டிக்கெட்டுல அன்னைக்கு நடக்கற எல்லா மேட்சும் பாக்கலாம், நாலு மேட்ச் நாள்னா காலைல 8 மணிக்கு ஆரம்பிச்சு சாயங்காலம் வரை. ஆனா 2024ல இருந்து வெயிலுக்காக சில நாள் காலை, சாயங்காலம்னு ரெண்டா பிரிச்சு நடத்தறாங்க, அந்த நாளுக்கு தனித்தனி டிக்கெட், தேதியப் பாத்து எடுங்க.

சீட்டு: இன்ஃபீல்டு பக்கம் மேல பெரிய கூரை இருக்கு, அதுக்குக் கீழ எடுங்க. அதுலயும் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம். மத்தியானத்துக்கு மேல சூரியன் மேற்க சாயறப்ப ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் சீக்கிரம் நிழல் வந்துடும், தேர்ட் பேஸ் பக்கம் முகத்துல அடிக்கும். அவுட்ஃபீல்டுலயும் ஆல்ப்ஸ் ஸ்டாண்டுலயும் நிழலே கிடையாது. ஆல்ப்ஸ்னா இன்ஃபீல்டுக்கும் அவுட்ஃபீல்டுக்கும் நடுவுல செங்குத்தா ஏறற ஸ்டாண்டு, அங்கதான் ரெண்டு ஸ்கூலோட பேண்டு, பசங்க, அப்பா அம்மா எல்லாம் உக்காருவாங்க. நீங்க கூரைக்கு அடியில உக்காந்துட்டு ஆல்ப்ஸ் பக்கம் பாருங்க. அதுவரைக்கும் கூரைய நீட்டப் போறதா அறிவிச்சிருக்காங்க, வந்தா அந்த பேண்டு பிள்ளைங்களுக்கு நல்லது, டிரம்பட் சூடாயி உதட்டுல வைக்க முடியாம ஈரத்துணி சுத்தி வச்சிருக்கும் பிள்ளைங்கள நான் பாத்திருக்கேன்.

சாப்பாடு: கோஷியென் கறி சோறு 1924ல இருந்து போடறாங்க, பேர் போனது, ஆனா அதுல இறைச்சி இருக்கும், உங்க வைஃப்க்கு ஆகாது. எடமாமே (வேகவச்ச பச்சை சோயா), ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ், ஐஸ்க்ரீம் இதுதான் நமக்கு. நான் வீட்ல இருந்து எலுமிச்சை சாதமும் புளிசாதமும் கட்டிட்டுப் போவேன், தயிர்சாதம் வேணாம் அந்த சூட்டுல தாங்காது. கேன், கண்ணாடி பாட்டில் உள்ள விடமாட்டாங்க.

அப்புறம் கச்சிவாரி வாங்குங்க, மறக்காதீங்க! பிளாஸ்டிக் பையில உடைச்ச ஐஸ் கட்டி, கூட ஒரு ஸ்ட்ரா, அவ்வளவுதான், 1957ல இருந்து விக்கறாங்க. முதல்ல அத பிடரில வைங்க, அப்புறம் பையன் தொடைமேல, கரைய கரைய ஸ்ட்ரா போட்டுக் குடிங்க. எனக்கு கோஷியென்னா அந்த ஐஸ் பைதான் ஞாபகம் வரும்.

இன்னொண்ணு, பையனுக்கு தலைவலி, வாந்தி வர்ற மாதிரி இருந்தா மேட்ச் எவ்ளோ டைட்டா இருந்தாலும் எழுந்து உள் நடைபாதைக்குப் போயிடுங்க. ஸ்டாண்டுக்குக் கீழ சுத்தி நடைபாதை இருக்கு, அங்க நிழல், ஸ்கோர் டிவிலயும் ஓடும்.

பந்து_பொறுக்கி:

எல்லாரும் இவ்ளோ அழகா சொல்றீங்க, நானும் கோஷியென நேசிக்கறவன்தான், ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். அந்தப் பசங்க உடம்பு என்ன ஆகுதுன்னு யாராவது பேசணும். 1998ல மத்சுசகாங்கற பிட்சர் பிஎல் காகுவென் ஸ்கூல்கூட 17 இன்னிங்ஸ் (வழக்கமா 9தான்) ஒரே ஆளா 250 பந்து போட்டார், அப்புறம் ஃபைனல்ல ஒரு ஹிட்கூட குடுக்காம ஜெயிச்சார், அத காவியம் மாதிரி இன்னைக்கும் பேசறோம். 2006 ஃபைனல் 15 இன்னிங்ஸ் டை, மறுநாள் திரும்ப ஆடினாங்க, ரெண்டு நாளும் ஜெயிச்ச டீம் பிட்சர் சைத்தோதான் முழுசா போட்டார். பதினேழு பதினெட்டு வயசுத் தோள்பட்டை அது. 2018ல டை-பிரேக் (டையானா ரன்னர முன்கூட்டியே நிக்க வச்சு சீக்கிரம் முடிக்கறது), 2020ல வாரத்துக்கு 500 பந்து லிமிட், 2023ல அஞ்சாவது இன்னிங்ஸ் முடிஞ்சதும் 10 நிமிஷம் கூலிங் டைம், 2024ல காலை சாயங்கால அட்டவணை, எல்லாம் நல்லதுதான், ஆனா ரொம்ப லேட். வாரத்துக்கு 500ங்கறது என்ன லிமிட்டு? உங்க பையன் பிட்சர்னு சொன்னீங்க, அவன்கிட்ட மத்சுசகா கதைய சொல்றப்ப இந்தப் பாதியையும் சேத்து சொல்லுங்க.

துறைமுகத்தான்:

பந்து_பொறுக்கி சொல்றதுல எனக்கு மறுப்பே இல்ல. நானே 98 மேட்ச பிரமிச்சுப் போய் பாத்தவன், இப்ப அந்த வீடியோவ பாத்தா பதினஞ்சாவது இன்னிங்ஸ்க்கு மேல பாக்க முடியல, அந்தப் பையன் பெஞ்சுல உக்காந்திருக்கற விதத்தப் பாத்தாலே தெரியுது. மோசமான பழக்கம்னு ஒதுக்கவும் முடியல, அப்படியே கொண்டாடவும் முடியல. 2023ல கெய்யோ ஸ்கூல் 107 வருஷம் கழிச்சு ஜெயிச்சாங்களே, மொட்டைத்தலை கட்டாயம் இல்ல, சிரிச்சுக்கிட்டே ஆடினாங்க, அத பாத்து நிறைய பழைய ஆளுங்க மனசு மாறுனாங்க. மெதுவாதான் மாறுது, ஆனா மாறுது.

சைதாமா_வாசி:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். டைகர்ஸ் இல்லன்னதும் பையன் முகம் வாடிப்போச்சு, துறைமுகத்தான் அண்ணன் எழுதினத ஜப்பானீஸ்ல சொன்னேன் (அவனுக்கு தமிழ் படிக்க இன்னும் வேகம் வரல), இச்சிரோ இங்க ஒரு மேட்ச்கூட ஜெயிக்கலையானு மூணு தடவ கேட்டுட்டான், இப்ப ஸ்கூல் மேட்சுக்கே ரெடி. பிட்ச் லிமிட் விஷயம் அவன் கிளப்லயும் ஸ்ட்ரிக்டா வச்சிருக்காங்க, அதனால 250 பந்துன்னதும் அவனுக்கே பயமா இருந்துச்சு.

ஆகஸ்ட் 15 போகலாம்னு பாக்கறோம், அன்னைக்கு ஏதாவது விசேஷம் உண்டா, இல்ல லீவு மாதிரியா? மண்ணு விஷயம் யாரும் சொல்லலையே.

ரியூக்யூ_காத்து:

மண்ணு பத்தி நான் சொல்றேன். நான் ஓக்கினாவால (ஜப்பானோட தெற்குத் தீவு) ரிசர்ச்ல இருக்கேன், இங்க வந்தப்புறம்தான் இந்த விஷயம் தெரிஞ்சுது, தெரிஞ்சதுல இருந்து மனசுலயே நிக்குது.

1958 கோடை, 40வது டோர்னமென்ட், அதனால ஓக்கினாவால இருந்தும் ஒரு ஸ்கூல கூப்பிட்டாங்க, ஷுரி ஹைஸ்கூல். ஓக்கினாவா அப்ப அமெரிக்கா கையில, பசங்க ஜப்பான் மெயின்லாண்டுக்கு வரவே பாஸ்போர்ட் வேணும். போர்ல தரைமட்டமான ஊரு, அதுல இருந்து பதிமூணு வருஷத்துல ஒரு டீம் கோஷியென்ல நிக்குது. முதல் மேட்ச்ல ஃபுகுய் மாகாணத்து ட்சுருகா ஸ்கூல்கிட்ட 3-0னு தோத்தாங்க. எல்லாரையும் போல மண்ண அள்ளி எடுத்துட்டு கப்பல்ல ஊருக்கு வந்தாங்க. நஹா துறைமுகத்துல வெளிநாட்டு மண்ணு, தாவர நோய்த்தடுப்புச் சட்டப்படி உள்ள விடமுடியாதுன்னு அத்தனையும் கடல்ல கொட்ட வச்சாங்க. தன் சொந்த நாடுன்னு நெனச்ச ஊர்ல இருந்து கொண்டு வந்த மண்ணு, வெளிநாட்டு மண்ணாம்.

செய்தி பேப்பர்ல வந்ததும் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள் சில பேர், மண்ணுதான கூடாது கல்லு கொண்டு போலாமேன்னு கோஷியென்ல கூழாங்கல் பொறுக்கி அந்த ஸ்கூலுக்கு அனுப்பி வச்சாங்க. அந்தக் கல்லுங்கள பதிச்சு ஷுரி ஸ்கூல் வளாகத்துல ஒரு நினைவுச்சின்னம் இருக்கு. ஓக்கினாவா ஜப்பான் கையில திரும்பினது 1972ல. கோடை கப்ப ஒரு ஓக்கினாவா ஸ்கூல் முதல் தடவ ஜெயிச்சது 2010ல, கொனான் ஹைஸ்கூல். அந்த ஃபைனல் அன்னைக்கு நஹால ரோட்ல வண்டியே இல்லன்னு லேப்ல ஒரு பெரியவர் சொன்னார்.

அதனால தம்பிகிட்ட சொல்லுங்க, அந்த மண்ணு தோத்தவங்களோடது. அங்க ஆடாத யாருக்கும் அது கிடையாது, பார்வையாளர்கள கிரவுண்டுக்குள்ள விடமாட்டாங்க. 2020ல கொரோனால டோர்னமென்டே ரத்தாச்சு, அப்ப ஆட வாய்ப்பே இல்லாம போன மூணாம் வருஷப் பசங்களுக்கு டைகர்ஸ் டீம் அந்த மண்ண சின்ன கீ செயின்ல போட்டு நாடு முழுக்க அனுப்பினாங்க. அது நியாயமான விதிவிலக்குன்னு நெனைக்கறேன். இந்தியாவுக்கு எடுத்துட்டுப் போற ஐடியா இருந்தா அதுவும் வேணாம், நம்ம ஊர்லயும் வெளிநாட்டு மண்ணுக்குத் தடை இருக்கு.

துறைமுகத்தான்:

ஷுரி விஷயத்த எழுதினதுக்கு நன்றி, நான் சொல்ல நெனச்சு விட்டுட்டேன்.

ஆகஸ்ட் 15 கேட்டீங்க. தம்பி, முடிஞ்சா அன்னைக்கே போங்க. போர் முடிஞ்ச நாள். மத்தியானம் 12 மணிக்கு எந்த இன்னிங்ஸ்ல எத்தன ரன்னர் நின்னாலும் சரி, மேட்ச நிறுத்திடுவாங்க. பிட்சர் மண்மேட்டுல, பேட்டர் பாக்ஸ் பக்கத்துல, பசங்க அவங்கவங்க நின்ன இடத்துலயே தொப்பியக் கழட்டி தலை குனிஞ்சு நிப்பாங்க, ஸ்டாண்டுல எல்லாரும் எழுந்துடுவாங்க, பேண்டு நின்னுடும், சைரன் ஒரு நிமிஷம் ஓடும். அதே சைரன்தான் ஒவ்வொரு மேட்ச் ஆரம்பத்துலயும் முடிவுலயும் அடிக்கறது. அப்புறம் அம்பயர் ப்ளேன்னதும் திரும்ப பேண்டு வெடிக்கும்.

அந்த ஸ்டேடியமே போர அனுபவிச்ச இடம்தான். நீங்க உக்காரப் போற கூரை இருக்கு பாருங்க, அந்த இடத்துல முன்னாடி இரும்புக் கூரை இருந்துச்சு, 1943ல போருக்கு இரும்பு வேணும்னு கழட்டிக் குடுத்துட்டாங்க. இன்ஃபீல்டுல கிழங்கு பயிர் பண்ணினாங்க. போர் முடிஞ்சப்புறம் அமெரிக்க ராணுவம் வச்சிருந்துச்சு, அதனால 1946 கோடை டோர்னமென்ட் பக்கத்துல நிஷினோமியா ஸ்டேடியத்துல நடந்துச்சு, 1947லதான் திரும்ப இங்க. இதுக்கெல்லாம் முன்னாடி 1934ல பேப் ரூத் அமெரிக்க டீமோட வந்து இங்க ஆடிட்டுப் போனார், வெளிய வளாகத்துல அவருக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கு, பையனோட அங்க ஒரு ஃபோட்டோ எடுத்துக்கோங்க.

வெளிச் சுவர்ல ஏறி இருக்கற செடிக்கொடிய கையால தொட்டுப் பாருங்க. 1924ல வச்ச கொடி, ஸ்டேடியத்த புதுப்பிக்கறப்ப வெட்ட வேண்டியதாச்சு. ஆனா 2000ல நாடு முழுக்க ஹைஸ்கூலுங்களுக்கு அந்தக் கொடியோட கன்னு குடுத்திருந்தாங்க, அதுல நல்லா வளந்தத ஸ்கூலுங்க 2008ல திருப்பி அனுப்பி வச்சாங்க, அத நட்டு வளத்ததும் இப்ப சுவர்ல ஏறிட்டு இருக்கு. எனக்கு அந்த ஸ்டேடியத்துல ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான்.

மியூசியமும் இருக்கு, அதுல ஒரு சுவர் முழுக்க பேஸ்பால், இங்க வந்து ஆடின ஒவ்வொரு ஸ்கூலுக்கும் ஒரு பந்து, அதுல ஸ்கூல் பேர். பையன் படிக்கற ஊர்ல இருக்கற ஸ்கூல் ஏதாவது இருக்கானு தேடச் சொல்லுங்க, சைதாமால இருந்து நிறைய வந்திருக்காங்க.

ஃபுல்_கவுண்ட்:

மேட்ச் முடிஞ்ச உடனே எழுந்துடாதீங்க, அது முக்கியம். ஜெயிச்ச ஸ்கூல் பசங்க ஹோம் பிளேட் பக்கத்துல வரிசையா நின்னு அவங்க ஸ்கூல் பாட்ட பாடுவாங்க, ஸ்கோர்போர்டுக்கு மேல அந்த ஸ்கூல் கொடி ஏறும், அப்புறம் அப்படியே ஆல்ப்ஸ் பக்கம் ஓடிப்போய் வணக்கம் சொல்வாங்க. தோத்தவங்களும் போய் வணக்கம் சொல்வாங்க, ஆல்ப்ஸ்ல அதே அளவு கைதட்டல் இருக்கும். 2024ல கியோட்டோ இன்டர்நேஷனல் ஸ்கூல் ஜெயிச்சாங்க, ஃபைனல்ல கான்டோ டைஇச்சிய 10வது இன்னிங்ஸ் டை-பிரேக்ல 2-1. கொரியர்கள் ஆரம்பிச்ச சின்ன ஸ்கூல், அவங்க பாட்டு கொரிய மொழில, அது கோஷியென்ல ஒலிச்சுது. சில பேர் இணையத்துல அசிங்கமா எழுதினாங்க, ஆனா ஸ்டேடியத்துல இருந்தவங்க கை தட்டினாங்க, எனக்கு அதுதான் கணக்கு.

மல்லி_ஒசாகா:

15ம் தேதினா 12 மணிக்கு உள்ள இருக்கற மாதிரி சீட்டு எடுங்க தம்பி, அன்னைக்கு எத்தன மேட்ச், எப்ப ஆரம்பம்னு அட்டவணைய முதல்ல பாருங்க. மழை வந்தா நாள் தள்ளிப்போகும், அதனால 16ம் தேதி மத்தியானம் வரை வேற பிளான் போடாம காலியா வச்சுக்கோங்க, ஷின்கான்சென் (புல்லட் ரயில்) டிக்கெட்டும் மாத்தற மாதிரி இருக்கறதா எடுங்க. 14 சாயங்காலம் வீட்டுக்கு சாப்பிட வாங்க, மெசேஜ் பண்ணுங்க, மறுநாளைக்கு எலுமிச்சை சாதம் நான் கட்டித் தர்றேன்.

சைதாமா_வாசி:

அக்கா, கட்டாயம் வர்றோம், மெசேஜ் அனுப்பிட்டேன். 15ம் தேதி ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் கூரைக்கு அடியில மூணு சீட்டு, விற்பனை ஆரம்பிக்கற அன்னைக்கு காலைலயே லீவு போட்டு உக்காந்துடறேன். கியோசெரா டோம்ல அந்த நாலு நாள்ல டைகர்ஸ் மேட்ச் இருக்கானும் பாக்கறேன், இருந்தா ஒரு நைட் அங்கயும். பையன் இப்பவே எந்த ஸ்கூல் வருதுன்னு மாவட்ட ரிசல்ட் எல்லாம் நோட்டுல எழுதி வச்சுட்டு இருக்கான், சைதாமா ஃபைனல் வரிசை ஜூலை கடைசிலதான் தெரியும்.